துளியைக் கலக்கும் குமிழி

காசிமேட்டு விசைப்படகுகளில் டிரைவர் நிற்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தால் எக்கோ சவுண்டரின் சின்னத் திரை தெரியும். படகின் அடியில் இருக்கும் பீங்கான் வில்லை ஒன்று, பெரும்பாலும் 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் துடித்து, நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கடலுக்குள் அனுப்புகிறது. அது மீனில் பட்டுத் திரும்புவதுதான் திரையில் வண்ணத் தீற்றலாக விழுகிறது. நான் சொக்கிப்போவது இதற்கடுத்த நுணுக்கத்தில். காற்றுப்பை உள்ள மீன்களில் அந்த எதிரொலியின் பெரும்பங்கைத் தருவது சதையோ முள்ளோ அல்ல, அந்தக் காற்றுப்பைதான். கத்தாழையை வெட்டும்போது வெள்ளையாய், வழவழவென்று தனியே வந்து விழுமே, அதேதான். சதை நீரைப் போலவே ஒலிக்கு வழிவிட்டுவிடும், காற்று விடாது.

நீருக்குள் காற்றும் ஒலியும் சந்திக்கும் இந்த எழிலை உயிரியல் ஆய்வகத்தின் மிகச் சிறிய துளிக்குள்ளும் காணலாம்.

ஒரு சொட்டு ரத்தத்தோடு ஒரு மருந்து நீரைக் கலக்க வேண்டும் என்று வையுங்கள். டம்ளரில் இருந்தால் ஓர் ஆற்று ஆற்றினால் போதும். தலைமுடி அகலமே உள்ள கால்வாயில் அது நடக்காது. அங்கே நீருக்குச் சுழல் தெரியாது. இரண்டு திரவங்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி, கலக்காமலே ஓடும். தானாகப் பரவட்டும் என்று விட்டால், ஆல்புமின் போன்ற புரதம் ஒரு மில்லிமீட்டர் நகர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

2009-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். கால்வாயின் நடுவே லாட வடிவத்தில் ஒரு குட்டிச் சுவர். நீர் ஓடும்போது அதன் வளைவில் ஒரு காற்றுக் குமிழி தானாகச் சிக்கிக்கொள்ளும். நுண்கால்வாய்க்காரர்களுக்குக் குமிழி என்றாலே ஆகாது. வழியை அடைத்துவிடும் என்று விரட்டுவார்கள். இங்கே அதையே அழைத்து உட்காரவைத்திருக்கிறார்கள்! பக்கத்தில் ஒட்டிய பீங்கான் வில்லையை அதிரவிட்டால் குமிழியின் மெல்லிய மேற்பரப்பு உள்ளும் வெளியுமாகத் துடிக்கிறது. மறுகணம் அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சுழல்கள் விரிகின்றன. சில மில்லிவினாடிகளில் கலவை தயார்.

அந்தத் துடிப்பை இன்னும் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு குமிழிக்கும் அதன் அளவுக்கேற்ற ஒரு சுதி உண்டு. 1933-ல் மின்னார்ட் என்ற அறிவியலாளர் தந்த கணக்குப்படி, நீரில் தனித்து மிதக்கும் 0.1 மில்லிமீட்டர் விட்டக் குமிழி வினாடிக்குச் சுமார் 65,000 முறை துடிக்கும். 65 கிலோஹெர்ட்ஸ், நம் காசிமேட்டுப் படகின் ஒலிக்கு அக்கம்பக்கம்தான்.

துடிப்போ முன்னும் பின்னும்; போன தூரம் அப்படியே திரும்பி வரும். அதிலிருந்து ஒரே திசையில் ஓடும் ஓட்டம் எப்படிப் பிறக்கிறது? அதிரும் தகடுகளின் மேல் காற்று இப்படி ஓடுவதை 1831-லேயே ஃபாரடே கண்டார். 1884-ல் ராலே கணக்கு எழுதினார்: பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் பிசுக்குமை ஒவ்வொரு துடிப்பிலும் சிறு மிச்சம் வைக்கிறது, மிச்சங்கள் சேர்ந்து ஓட்டமாகின்றன. வினாடிக்கு அறுபத்தைந்தாயிரம் மிச்சங்கள் என்றால் எவ்வளவு நளினமான சேமிப்பு!

குமிழியே இல்லாத இன்னொரு வழி நம் ஊர்ப்பக்கமே உண்டு. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை அருகே, மேலக்கோட்டையூரில் இருக்கும் ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரம் கல்வி நிறுவனத்தில் கார்த்திக் சுப்ரமணியின் குழு, கால்வாய்க்குள் ஒலியின் நிலையலையை எழுப்பித் திரவங்களை விரைவாகக் கலந்து காட்டியது; 2019-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அடர்த்தியும் ஒலிவேகமும் கூடிய திரவத்தை அலை தன் அமைதியான கணுவுக்கு இழுக்கும், மற்றதை ஒதுக்கும். அந்த இடமாற்றமே கிளறலாகிறது.

எனக்கு மிகப் பிடித்தது இதிலுள்ள பதம். ஒலியைக் கூட்டினால் செல் உடைந்துபோகும். அப்படி உடைப்பதற்கென்றே ஆய்வகத்தில் சோனிகேட்டர் இருக்கிறது. அளவோடு விட்டால் அதே ஒலி செல்லுக்கு ஒரு கீறலும் இல்லாமல் திரவத்தை மட்டும் சுழற்றும். பெரிய ஆய்வகங்களின் சில ரத்தப் பரிசோதனை எந்திரங்கள் இப்போதே குவளைக்கு வெளியிலிருந்து ஒலியை அனுப்பித்தான் மாதிரியைக் கலக்கின்றன. உள்ளே கிளறி எதுவும் நுழைவதில்லை. அதனால் ஒருவர் ரத்தம் அதில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் மாதிரிக்குப் போவதும் இல்லை.