பாச் மலர் மருத்துவம்: ஒரு விமர்சன நோக்கு

மலர்களின் சாரம் எனப்படும் நீர்மத்தைச் சில துளிகள் அருந்தி அச்சம், கவலை, துயரம், சோர்வு முதலிய மனநிலைகளைச் சீராக்கலாம் என்று கூறும் மாற்று மருத்துவ முறை மலர் மருத்துவம் ஆகும். இதனை உருவாக்கியவர் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் பாச் (1886–1936). தமிழில் இம்முறை பற்றிய நூல்கள் உள்ளன. தமிழ்நாட்டில் இதனைப் பின்பற்றுவோரும் பலர். இம்முறை சொல்வது என்ன, அதில் ஏற்கத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதைத் தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊரான பெரியதாழையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் செய்முறையும்

பாச் நுண்ணுயிரியலிலும் ஓமியோபதியிலும் பணியாற்றியவர். 1928இல் இம்பேஷியன்ஸ், மிமுலஸ், கிளமேட்டிஸ் ஆகிய செடிகளில் தொடங்கி, மொத்தம் 38 மருந்துகளை வகுத்தார். இவற்றுள் ராக் வாட்டர் மலரே அன்று, ஊற்று நீர். செஸ்ட்நட் பட் என்பது மொட்டு. மனநிலைகளை அச்சம், உறுதியின்மை, தனிமை, மனமுறிவு என ஏழு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் உரிய மருந்துகளைக் குறித்தார்.

செய்முறை எளிது. மலர்களை ஊற்று நீரில் மிதக்கவிட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். மரவகைகளை அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வடித்த நீரில் சம அளவு பிராந்தி சேர்த்தால் தாய்க் கரைசல் கிடைக்கும். அதில் இரண்டு துளியை 30 மில்லி பிராந்தியில் கலந்தது கடையில் விற்கும் மருந்து. அதிலிருந்து இரண்டு துளியை 30 மில்லி நீரில் விட்டு, நான்கு துளி வீதம் நாளைக்கு நான்கு முறை அருந்துவது வழக்கம்.

ஒரு மில்லிக்கு 20 துளி எனக் கணக்கிட்டால், நாவில் விழும் துளியில் முதலில் வடித்த மலர் நீர் 1,80,000இல் ஒரு பங்கே இருக்கும். இதனை மறுக்காத பாச் முறையினர், மருந்தில் இருப்பது பொருளன்று, மலரின் ஆற்றல் என்பர். ஆனால் அந்த ஆற்றலை அளக்கும் வழி எதுவும் காட்டப்படவில்லை.

பெயர் தரும் மயக்கம்

தமிழில் மலர் மருத்துவம் என்றவுடன் நமக்கு நினைவு வருவது நம் வீட்டு வழக்கம். பெரியதாழையின் பெயரிலேயே தாழை இருக்கிறது. தாழம்பூ மணப்பாகு, ரோஜா குல்கந்து, ஆவாரம்பூ சேரும் குடிநீர் எனப் பூவை மருந்தாக்குவது நமக்குப் புதிதன்று. பாச் முறையையும் அதே வரிசையில் வைத்துப் பலர் நம்புகின்றனர். ஆனால் சித்த மருத்துவத்தின் குடிநீரில் பூவின் நிறமும் சுவையும் வேதிப்பொருளும் உள்ளன. அதன் பயனைச் சோதித்து அறியலாம், பக்கவிளைவையும் கண்டறியலாம். பாச் மருந்தில் அவ்வாறு சோதிக்கத்தக்க அளவில் பொருள் இல்லை. இரண்டும் ஒரே பெயரால் வழங்குவதால், பழைய மரபின் மதிப்பு 1930களில் உருவான அயல்நாட்டு முறைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆய்வுகள் கூறுவது

தேர்வு அச்சம் கொண்டோரிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், மலர் மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் நீர்மம் பெற்றவர்களுக்கும் அச்சம் குறைந்தது. இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2010இல் வெளியிட்ட திறனாய்வில், போலி மருந்துடன் ஒப்பிட்டு நடந்த சோதனைகள் எவற்றிலும் மலர் மருந்துக்குத் தனிப் பயன் தென்படவில்லை என்று முடிவு கூறினார். எனவே மருந்து அருந்தியவர் நலம் பெற்றதாகச் சொல்வது பொய்யன்று. அந்த நலத்தை மலர் தந்தது என்பதற்குத்தான் சான்றில்லை.

அச்சம் யாருடைய குறை?

பாச் முறையின் ஆழமான குறை மருந்தில் இல்லை, அதன் நோக்கில் இருக்கிறது. காரணம் தெரிந்த அச்சத்திற்கு மிமுலஸ், காரணம் தெரியாத அச்சத்திற்கு ஆஸ்பென், அதிர்ச்சிக்கும் துயருக்கும் ஸ்டார் ஆஃப் பெத்லஹேம் என்பது அதன் பட்டியல். பெரியதாழை மீனவர் ஊர். கடலரிப்பால் கரை கரைவதை மக்கள் கண்ணெதிரே கண்டவர்கள். காற்று மாறிய இரவில், கடலுக்குப் போனவர் திரும்பும்வரை விழித்திருக்கும் பெண்ணின் அச்சம் மனக்கோளாறன்று. அது சரியான அச்சம். அதற்கு வேண்டியது நேரத்தில் வந்து சேரும் புயல் எச்சரிக்கை, படகில் தொலைத்தொடர்புக் கருவி, பாதுகாப்பான கரை. அவளுடைய அச்சத்தை மிமுலஸ் என்று பெயரிட்டுப் புட்டியில் அடைத்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

நன்மையும் தீங்கும்

இம்முறையில் போற்றத்தக்கது ஒன்று உண்டு. மருந்தைத் தேர்வதற்காக மருத்துவர் நோயாளியை நெடுநேரம் பேசவிட்டுக் கேட்கிறார். கூட்டம் நெரியும் மருத்துவமனையில் கிடைக்காத பொறுமை அது. தன் மனநிலைக்கு ஒரு பெயர் கிடைத்தாலே பலருக்குப் பாரம் குறையும். பயன் தருவது இந்தக் கேட்டலே எனக் கருத இடமுண்டு. பேசுவதற்கும் கேட்பதற்கும் மருந்துப் புட்டி வேண்டியதில்லை.

துளிகளால் நேரடித் தீங்கு பெரிதாக இல்லை. எனினும் மருந்தில் பிராந்தி இருப்பதைக் குடியை விட்டவர்களுக்கும், குடியை நிறுத்த மாத்திரை உண்பவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். பெரிய தீங்கு காலத்தாழ்வுதான். வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவு வெறுப்பு, சாவு பற்றிய எண்ணம் ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். அதற்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் உள்ளன. துளிகளை மாற்றிமாற்றிக் கொடுத்துக் காலம் கழித்தால், இழப்பு உயிராகவும் இருக்கலாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.

முடிவுரை

மனம் நொந்தவரிடம் கனிவாகப் பேச வேண்டும் என்ற பாச்சின் எண்ணம் நல்லது. அவருடைய துளிகளுக்குத் தனிப் பயன் உண்டு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே விரும்புவோர் துளிகளை அருந்தட்டும்; மருத்துவரை நாடுவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தாழம்பூவின் மணம் மனத்திற்கு இதம் தரும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். அந்த இதத்தை நோய்க்குரிய சிகிச்சையாக எண்ணிவிடாமல் இருப்பதே நமக்கு வேண்டிய தெளிவு.