ஆற்றங்கரையில் அவிழும் கட்டுச்சோறு

கட்டுச்சோற்றை அடுப்படியில் நின்று ருசி பார்த்து மார்க் போடுவது நியாயமில்லை. விடியலில் கிளறியது மத்தியானம் அவிழ்க்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் அதற்குப் பரீட்சை. நடுவில் கழிகிற ஆறேழு மணி நேரமும் சமையலில் சேர்த்திதான். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக் கிளறத் தெரிய வேண்டும். வீட்டில் சுடச்சுடப் பிரமாதமாகச் சமைக்கிற பலருக்கு இது வருவதில்லை.

முதல் மரியாதை புளியோதரைக்கு. புளிக்காய்ச்சலில் நீர் சுண்டி, நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறவரை பொறுக்க வேண்டும். ஈரம் போய், புளிப்பு ஏறி, எண்ணெயும் மூடி நிற்பதால்தான் அது சீக்கிரம் கெடுவதில்லை. பழைய அரிசியை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள்பொடியும் நல்லெண்ணெயும் விட்டு ஆற வைத்த பிறகே காய்ச்சல் சேர வேண்டும். சூட்டோடு மூடினால் மூடி வேர்த்து, அந்த நீர் சோற்றிலேயே சொட்டும். ஊசிப்போவது அங்கேதான் ஆரம்பம். புளியோதரையை ஹாட்பேக்கில் அடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் வாதம் செய்வதை விட்டுவிட்டேன்.

உப்பும் புளியும் காலையில் ஒரு படி தூக்கலாகவே இருக்கட்டும். நேரம் ஆக ஆகச் சோறு இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். விடியலில் நாக்கில் சுரீரென்றால் மதியம் சரியாக நிற்கும். விடியலிலேயே அளவாக இருந்தால் மதியம் சப்பென்றிருக்கும். வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் கடைசியில் தூவுவது மணத்துக்கு. வேர்க்கடலையை மட்டும் தனிப் பொட்டலமாக எடுத்துப்போய், இலையில் வைக்கும்போது போட்டால் அது நமுத்துப்போகாது.

தயிர்சாதம் இன்னும் நுட்பம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது பால்சாதம்தான். குழைய வடித்து மசித்த சோற்றில், காய்ச்சி வெதுவெதுப்பாக்கிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிரை விட்டுக் கலக்க வேண்டும். கரண்டியிலிருந்து ஒழுகுகிற அளவுக்குத் தளர்வாக இருந்தால்தான் சோறு பாலைக் குடித்து இறுகிய பிறகும் பதமாக இருக்கும். உறைகிற வேலையை வண்டிப் பயணம் பார்த்துக்கொள்ளும். தொட்டுக்கொள்ள மாவடு. வறுத்த மோர்மிளகாய் தனி டப்பாவில் வந்தால் மொறுமொறுப்பு குறையாது.

எலுமிச்சைச் சாதத்துக்கு ஒரே விதி: அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழிவது, இல்லாவிட்டால் கசக்கும். தேங்காய்ச் சாதம் எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும், அதனால் முதலில் பரிமாறித் தீர்த்துவிட வேண்டும். இட்லி எடுத்துப்போகிறவர்கள் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி அடுக்கினால் வறண்டுபோகாது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியும் இங்கே நினைவுக்கு வருகிறது. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேகவைப்பது அது. வழித்துணைக்கு அதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியாது.

கட்டுகிற இலைக்கு வருவோம். பச்சையாக மடித்தால் வாழையிலை நரம்போடு கிழியும். நடுத்தண்டைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, தணலுக்கு மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், இலையின் வெளிர்பச்சை ஓர் ஓரத்திலிருந்து கரும்பச்சையாக மாறி, மேலே எண்ணெய் பூசியதுபோல் ஒரு பளபளப்பு ஓடும். அதுதான் பதம். ஒரு நொடி அதிகமானாலும் கருகிப் பொரிந்துவிடும். கட்டுகிற வாழைநாரையும் முன்பே தண்ணீரில் நனைத்துவைக்க வேண்டும். காய்ந்த நார் முடிச்சில் அறுந்துவிடும். இலை வாசம் சோற்றில் இறங்குவதற்கு ஈடாக எந்த டப்பாவையும் சொல்ல முடியாது.

பாத்திரத்தில் கொண்டுபோவதென்றால் பித்தளைத் தூக்குக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உள்ளே ஈயப்பூச்சு இல்லாத பித்தளையில் புளியும் தயிரும் வைத்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு உருக்கி, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார். புகை அடங்கும்போது உட்புறம் வெள்ளையாக மின்னும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகையால் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்கவே கூடாது. உட்புறத்தைச் செங்கல்பொடியால் தேய்ப்பதும் பூச்சைக் கரைத்துவிடும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும் நாள் வந்துவிட்டது. இந்தத் தொல்லை எதற்கு என்பவர்களுக்கு எவர்சில்வர் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை.

ஆடி 18 அன்று, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கோ பவானி கூடுதுறைக்கோ போனால் இந்தக் கலை முழுக்க விரித்துவைத்திருக்கும். விரிப்புக்கும் அந்தப் பவானிதான் பேர்போனது. அதன் ஜமுக்காளம் கனத்த பருத்தி நூலில் நெய்தது. காற்றில் சுருளாது, உதறினால் மணல் உதிர்ந்துவிடும். காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், இல்லாவிட்டால் தயிர்சாதத்தில் மணல் நறநறக்கும். குரங்கு நடமாடும் கரையானால் ஒரு தூக்கைப் பிரிக்கும்போது மற்றவை மூடியே இருக்கட்டும். திரும்பியதும் தூக்குகளைக் கழுவி மூடியில்லாமல் கவிழ்த்து வையுங்கள். ஜமுக்காளத்தை அன்றைக்கே மடித்துவிடாமல் ஒரு பகல் முழுக்க வெயிலில் போடுங்கள். ஆற்று ஈரத்தோடு பரணுக்குப் போனால் அதில் பூஞ்சை பிடிக்கும்.