நகரிக்கு வாங்க மாமா!

"நகரியா? அங்க பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டவர்கள் அத்தனை பேரையும் பிடித்து உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாய் ஓயவில்லை! சென்னைக்காரர்களுக்கு நகரி என்றால் திருப்பதி போகிற வழியில் ஜன்னலோரம் ஓடி மறைகிற ஊர், நடிகை ரோஜா 2014-லும் 2019-லும் ஜெயித்த தொகுதி, அவ்வளவுதான். எனக்கோ அது என் நண்பனின் இரண்டு வாண்டுகள் ஆட்சி செய்கிற ராஜ்ஜியம். மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையும் மாம்பழ சீசனும் ஒன்றாகக் கூடிய அந்த அருமையான வேளையில் அங்கே போய் வந்தேன். மலைவாசஸ்தலம் பார்த்திருக்கிறேன், கடலோர விடுதியில் தங்கியிருக்கிறேன். இந்தச் சுகம் எங்கேயும் கிடைத்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், போவதானால் ரயிலில் போங்கள். சென்ட்ரலிலிருந்து கிளம்புகிற திருப்பதி மெமுவில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். அரக்கோணம் தாண்டி, திருத்தணியில் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உஷாராக உட்காருங்கள். ஏன் உஷார் என்கிறேன்? 2019-இல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டினார்கள் இல்லையா, அதற்கு முன்னால் நாட்டிலேயே நீளமான பெயர் கொண்ட ரயில் நிலையம் என்று பெயர் வாங்கியிருந்த ஊர் இந்த வழியில்தான் வருகிறது. வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை! ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து! நண்பனின் மூத்தவள், ஒன்றாம் வகுப்பு முடித்த பெரிய மனுஷி, முந்தின நாளே போனில் கட்டளை போட்டிருந்தாள். "மாமா, அந்த போர்டு வரும்போது ஒரே மூச்சுல சொல்லணும், வீடியோ எடுத்து அனுப்பணும், ஏமாத்தக் கூடாது." சொன்னேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியச் சொன்னேன். எதிர்சீட்டுப் பாட்டி கைதட்டினார். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக் கேட்கிறீர்களா? பள்ளியில் பரிசு வாங்கியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

அடுத்த நிறுத்தம் நகரி. மாநில எல்லைக்குத் திருத்தணி அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கிவிட்டன. காகிதத்தில்தான் அந்தக் கோடு. பிளாட்பாரத்தில் காலை வைத்த நொடியில் "மாமோவ்!" என்று ஒரு கூச்சல் கேட்டது பாருங்கள், அது எந்த மாநிலத்துக்கும் சொந்தமான கூச்சல் இல்லை. மூத்தவள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ள, மூன்று வயசுச் சின்னவன் பின்னாலேயே ஒரு கால் செருப்போடு வந்து என் முழங்காலில் மோதி நிற்க, பையும் பலகாரப் பொட்டலமும் தரையில் கிடக்க, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு கொடுக்க முடியுமா? மாலையும் மேளமும் எதற்கு?

இப்போது நகரியின் சத்தத்தைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கற்பனை பண்ணுங்கள். தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு விசைத்தறி, டக்கடக் டக்கடக் என்று தரையே அதிர்கிறது. நகரியும் ஏகாம்பரகுப்பமும் நெசவுக்குப் பேர்போன ஊர்கள், தறிக்காரக் குடும்பங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு தமிழ்தான். நண்பனின் மாமியாரை எல்லாரும் அவ்வா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அவ்வா என்றுதான் கூப்பிட்டேன். அவ்வா திண்ணையோரம் உட்கார்ந்து தார் சுற்றுகிறார், நூல் விரலிடுக்கில் ஓட ஓட சின்னக் குச்சி கொழுகொழுவென்று பருக்கிறது, சின்னவன் அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறான், அடுக்கிவிட்டு எண்ணுகிறான், எட்டுக்குப் பிறகு நேரே பதினைந்து! உள்ளே தறியில் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிறது, தார் தீர்ந்த கணம் அவன் மாமா தறியை நிறுத்தி, புதுசைப் போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டிவிடுகிறார். பத்துத் தடவை பார்த்தும் எனக்கு அந்தக் கைவேகம் பிடிபடவில்லை, பதினொன்றாவது தடவையும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

இதைக் கேளுங்கள், இது போதும் நகரிக்கு நான் அடிமையாக. மத்தியானம் அந்தத் தறிச் சத்தத்தில் சின்னவன் என் மேல் கால் போட்டு அடித்துப் போட்டதைப் போலத் தூங்குகிறான். நமக்குப் பேசினால் பேச்சுக் கேட்காது, அவனுக்கு அதுதான் தாலாட்டு. திடீரென்று கரண்ட் போனது. தெரு மொத்தமும் ஒரே அடியாக அடங்கியது. படக்கென்று எழுந்து உட்கார்ந்தான்! உதடு பிதுங்கியது, அழப் போகிறான், அவ்வா ஓடி வந்து முதுகில் தட்டினார், "இப்ப வந்துரும் கண்ணு, இப்ப வந்துரும்." கரண்ட் வந்தது, டக்கடக், அப்படியே சாய்ந்து மறுபடி தூங்கிப்போனான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெயில் கொளுத்தியது உண்மைதான். அதை விடுங்கள், சித்தூர்ப் பக்கத்து மாம்பழம் பழுக்க வேண்டாமா?

மாம்பழம்! ஐயோ, அதைச் சொல்லாமல் எப்படி! நம்ம ஊரில் கிளிமூக்கு என்கிறோமே, அந்தத் தோத்தாபுரிக்குச் சித்தூர் மாவட்டம் பெயர்போனது, மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போவது பெரும்பாலும் அதுதான். வீட்டில் ஒரு மூலை முழுக்க வைக்கோல் பரப்பிப் பங்கனப்பள்ளி பழுக்கவைத்திருந்தார்கள், கதவைத் திறந்தாலே வாசனை ஆளைத் தூக்குகிறது. பிள்ளைகளின் சட்டையைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு பழம். என் சட்டையையும் கழற்றச் சொன்னாள் மூத்தவள். கழற்றினேன். சாறு முழங்கை வரை வழிய, கொட்டையைச் சப்பி வெள்ளையாக்குவது யார் என்று போட்டி, சின்னவன் மூக்கு முடியெல்லாம் மஞ்சள், கடைசியில் மூன்று பேரையும் நிற்கவைத்து அவ்வா வாளித் தண்ணீரை ஊற்றினார். ராத்திரிக்குக் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். சூடான களியில் நடுவே குழி பறித்து, அதில் நெய் விட்டு, காரமாகக் குழம்பு ஊற்றி, மெல்லாமல் அப்படியே விழுங்கவேண்டும் என்று ஏழு வயசுக் குருவிடம் பாடம் கற்றேன். நாக்கு எரிகிறது, காது சூடேறுகிறது, கை மட்டும் நிற்கவில்லை!

மறுநாள் ஒரு ஆட்டோவில் எட்டுப் பேர். எப்படி என்று கேட்காதீர்கள், குழந்தைகளை மடியில் அடுக்கிவிட்டால் ஆட்டோ பெரிதாகிவிடும். கூடவே வருகிறது நகரி மலைத்தொடர். அதில் 850 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிற செங்குத்துப் பாறைச் சிகரத்தை 'நகரி மூக்கு' என்பார்கள். வங்கக் கடலில் போன கப்பல்காரர்கள் வானம் தெளிவாக இருந்தால் இந்த மூக்கைப் பார்த்துக் கரையை அடையாளம் கண்டார்கள். கடலிலிருந்தே தெரிகிற மூக்கு! சொன்னதுதான் தாமதம், ஆட்டோவில் இருந்த வாண்டுகள் எல்லாம் முகத்தை மேலே தூக்கி, மூக்கை நீட்டி, "நான்தான் மலை, நான்தான் மலை" என்று கத்த ஆரம்பித்துவிட்டன. புத்தூர் வந்தது. எலும்பு முறிவுக்குப் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற புத்தூர்க் கட்டை அறியாத ஆள் நம்ம பக்கத்தில் உண்டா? நகரித் தாய்மார்கள் சுவரேறுகிற பிள்ளையை எப்படி அதட்டுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "இறங்குடா, பக்கத்துலதான் புத்தூர், ஆட்டோவும் வாசல்லயே நிக்குது!"

நாராயணவனம் போனோம். ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் ஏழுமலையானுக்கும் கல்யாணம் நடந்த ஊர் இது என்பது ஐதீகம். கல்யாண வேங்கடேஸ்வரர் கோயிலில் அந்தக் கல்யாணத்துக்கு மாவரைத்த கல் என்று ஒரு பிரம்மாண்டமான திருகையைக் காட்டுகிறார்கள். மூத்தவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இவ்ளோ பெரிய கல்லுல அரைச்சா எவ்ளோ பேர் சாப்பிட்டிருப்பாங்க மாமா?" குபேரனிடம் கடன் வாங்கிச் செய்த கல்யாணம், அந்தக் கடனைப் பெருமாள் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். உடனே அம்மாவிடம் ஓடி ஒரு பத்து ரூபாய் வாங்கி வந்து உண்டியலில் போட்டாள், கையைத் தட்டிக்கொண்டே "கொஞ்சம் குறைஞ்சிருக்கும்" என்றாள். எத்தனை வருஷமாக உண்டியலில் பணம் போடுகிறோம், ஒரு நாளாவது சாமியின் கஷ்டத்தை நினைத்துப் போட்டிருக்கிறோமா?

பிறகு கைலாசகோனை! இதற்காகத்தான் இத்தனை நேரம் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன். நாராயணவனத்திலிருந்து ஊத்துக்கோட்டைப் பாதையில் வந்து மலைப்பக்கம் திரும்பினால், வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி. மே மாதம், வெளியே தார்ச்சாலை உருகுகிறது, படியேறி உள்ளே போகப் போகக் காற்று மாறுகிறது, ஈரப்பாறை வாசனை, இலை வாசனை, தூரத்தில் ஓவென்று சத்தம், சின்னவன் என் தோளில் உட்கார்ந்து முடியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான், சத்தம் பெரிதாகப் பெரிதாகப் பிடியும் இறுகுகிறது, ஒரு திருப்பம், அவ்வளவுதான், நிமிர்ந்து பார்த்தால் பாறை உச்சியிலிருந்து வெள்ளையாக விழுகிறது தண்ணீர்! மூத்தவள் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடினாள், நண்பன் பின்னால் ஓடினான், வீட்டுக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள், நான் தோளில் இருந்தவனோடு ஓடினேன், செருப்பு ஒரு பக்கம், போன் யாரிடம் என்று தெரியாது, தலையில் முதல் அடி விழுந்ததும் சின்னவன் மூச்சை உள்ளே இழுத்தான், ஒரு நொடி அசைவில்லை, அழப் போகிறானோ என்று எல்லாரும் அவன் முகத்தையே பார்க்கிறோம், வாயைத் திறந்தான், சிரித்தான் பாருங்கள் ஒரு சிரிப்பு, அருவிச் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத குடும்பமும் சேர்ந்து சிரித்தது, "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்கிறான், உதடு நீலமாகிப் பல் கிட்டிக்கிறது, "இன்னொரு தபா" என்கிறான், நானும் சளைக்காமல் உள்ளே போகிறேன், வெளியே வருகிறேன், உள்ளே போகிறேன், என் வயசு எனக்கு மறந்துபோனது, வேலை மறந்துபோனது, சென்னை என்று ஒரு ஊர் இருப்பதே மறந்துபோனது! கரையேறி ஈரத் துண்டோடு பாறையில் உட்கார்ந்து புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது உலகத்திலேயே பெரிய பணக்காரன் நான்தான்.

நண்பனும் நானும் சென்னை மேன்ஷனில் ஒரே அறையில் கிடந்தவர்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் நம்மால பேசிக்கவே முடியலடா" என்று இரண்டு பேருமே புலம்பியிருக்கிறோம். இப்போது சொல்கிறேன், இத்தனை நாள் அவனோடு பேசியதைவிட அவன் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டு மொட்டைமாடியில் குசுகுசுவென்று பேசிய பேச்சில்தான் அவனை நான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். கோபக்காரன், அறையில் தலையணை எறிகிற ஆள், இங்கே மகள் ஒரே கேள்வியைப் பதினைந்து தடவை கேட்டாலும் பதினைந்து தடவையும் புதுசாகப் பதில் சொல்கிறான். குழந்தைகள் இருக்கிற வீட்டில் நிம்மதியாக உட்கார முடியாது, ஒரு காபி சூடாகக் குடிக்க முடியாது என்பார்கள். காபி ஆறட்டும் ஐயா! ஆறின காபியைக் குடித்துப் பாருங்கள், பக்கத்தில் ஒரு வாண்டு உட்கார்ந்து தன் பிஸ்கட்டை உங்கள் டம்ளரில் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் ருசியே வேறு.

உங்களுக்கும் அப்படி ஒரு நண்பன் இருப்பான். ஆம்பூரிலோ, நெல்லூரிலோ, ஓசூரிலோ, ஒவ்வொரு பண்டிகைக்கும் "ஒரு தடவை வாடா, பசங்க கேட்டுட்டே இருக்காங்க" என்பான், நீங்களும் லீவு கிடைக்கட்டும் என்பீர்கள். லீவு அடுத்த வருஷமும் கிடைக்கும், மூன்று வயசு கிடைக்காது. எட்டுக்குப் பிறகு பதினைந்து எண்ணுகிறவன் அடுத்த கோடையில் சரியாக எண்ணத் தொடங்கிவிடுவான், உண்டியலில் பத்து ரூபாய் போட்டுக் கடன் குறைந்துவிட்டது என்று நம்புகிறவள் வட்டிக் கணக்குப் படித்துவிடுவாள். அதற்குள் போய்விடுங்கள். பெரிய பரிசு ஒன்றும் வேண்டாம், ஒரு டப்பா கலர் பென்சில், ஒரு பொட்டலம் அதிரசம், மாற்றுத்துணி மட்டும் ரெண்டு செட் கூடுதலாக. நான் ஆடிக் கிருத்திகைக்கு மறுபடி கிளம்புகிறேன், திருத்தணியில் காவடி பார்த்துவிட்டு அப்படியே நகரி என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, "வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையை இந்தத் தடவை ரெண்டு தபா சொல்லணும்" என்று நிபந்தனையும் வந்தாகிவிட்டது. நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? போனை எடுங்கள், "இந்த வாரம் வர்றேன்டா" என்று சொல்லுங்கள்!