கணக்கில் வராத வலி

மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு அதைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஊசியாகப் போட்டால் நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று மும்பை டாட்டா நினைவு மையம் 2022 செப்டம்பரில் பாரிஸ் மாநாட்டில் அறிவித்தது. அன்று முதல் ஒரு பேச்சு வலுத்திருக்கிறது: அறுவை சிகிச்சையின்போது வலியை அடக்கும் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் புற்றுநோய் திரும்பி வருவதையே தடுத்துவிடலாம், மார்ஃபின் வகை மருந்துகளை ஒதுக்கினால் இன்னும் நல்லது என்று. வலி நிவாரணத்துக்கு இதனால் மதிப்புக் கூடும் என நம்பி நல்ல மருத்துவர்களும் இதை ஆதரிக்கிறார்கள். மதிப்பு கூடவில்லை, குறைகிறது என்பதே என் வாதம்.

மும்பை ஆய்வின் பெருமையை மறுப்பதற்கில்லை. இந்தியாவின் 11 மையங்கள், 1,600 பெண்கள், எந்த மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்கும் மலிவான மருந்து. ஐந்தாண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதமும் போடாதவர்களில் 86.4 சதவீதமும் உயிரோடிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு வெறும் உப்புநீர் ஊசி போடப்படவில்லை, யாருக்கு மருந்து போகிறது என்பது அறுவை மருத்துவருக்குத் தெரியும் என்ற குறைகள் உண்டு. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய ஆய்வல்ல. ஆனால் அந்தப் பெண்கள் ஏற்கெனவே முழு மயக்கத்தில் இருந்தவர்கள். ஆய்வை நடத்திய ராஜேந்திர பாட்வேயும் அவர் குழுவினரும் குறிவைத்தது வலியை அல்ல. கட்டியின் விளிம்பிலுள்ள செல்கள் கத்தி படும் நேரத்தில் கிளர்ந்து பரவுவதை. மரப்பு மருந்து என்ற பெயர் இருப்பதால் மட்டுமே அது வலி நிவாரணத்தின் சான்றாகிவிடாது.

வலி நிவாரண முறைக்கும் புற்றுநோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பை நேரடியாகச் சோதித்த கதை வேறு. 2006-இல் வெறும் 129 நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஓர் ஆய்வு, முதுகுத்தண்டை ஒட்டி நரம்புத் தடுப்பு ஊசி பெற்றவர்களில் 94 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 77 சதவீதம் பேருக்கும் மூன்றாண்டு வரை நோய் திரும்பவில்லை என்றது. ஆசை அங்கேதான் முளைத்தது. 2019-இல் மயக்க மருத்துவ ஆய்வாளர் டேனியல் செஸ்லரின் குழு 13 மருத்துவமனைகளில் 2,100-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு நரம்புத் தடுப்பும் புரோபோஃபால் மயக்க ஊசியும். மற்றதற்கு செவோஃப்ளூரேன் மயக்க வாயுவும் ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்தும். இரு பிரிவிலும் ஏறத்தாழ பத்து சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களில் எபிடூரல் என்ற முதுகுவழி மரப்பு முறையை வைத்து 2021-இல் வந்த முடிவுகளும் இதையே சொல்லின. எல்லோரும் இவ்வளவோடு செஸ்லர் குழுவின் கட்டுரையை மூடிவைத்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஆறு மாதம் கழித்து அறுத்த இடத்தில் வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு இரு பிரிவிலும் 52 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஓராண்டு கழித்தும் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வலியோடுதான் இருந்தார்கள். உலகின் தேர்ந்த மருத்துவமனைகளில், கவனமாகக் கண்காணிக்கப்பட்ட பெண்களின் நிலை இது. நோய் திரும்பாதது பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய துறை இந்தப் பாதிப்பேரைப் பற்றி ஏன் பதறவில்லை? வலியைப் புற்றுநோயின் துணைக்கேள்வியாக மாற்றியதன் முதல் விளைவு இந்த மௌனம்.

இரண்டாவது விளைவு இன்னும் மோசமானது, மார்ஃபின் மீதான பயம். மார்ஃபின் நோயை எதிர்க்கும் செல்களைத் தளர்த்துகிறது என்பது ஆய்வகத்தில் காணப்பட்டதுதான். ஆனால் அறுவையே எலிகளில் புற்றுப் பரவலைக் கூட்டுகிறது, மார்ஃபின் கொடுத்தால் அந்தக் கூடுதல் குறைகிறது என்று 1993-லேயே கேல் பேஜும் பென்-எலியாஹுவும் காட்டியிருக்கிறார்கள். தணிக்காத வலியும் உடலைத் தளர்த்தும் என்பதை இந்தப் பேச்சு வசதியாக மறக்கிறது. ஓபியாய்டே இல்லாத மயக்க முறையை டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மாற்று மருந்தைக் கொண்டு சோதித்த பிரெஞ்சு ஆய்வு, இதயத்துடிப்பு அபாயகரமாகக் குறைந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2021-இல் வெளியான முடிவு அது. நம் நாட்டில் இந்தப் பயத்துக்குத் தனி விலை உண்டு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு அபின் விளைகிறது. ஆனால் 1985-இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை உரிமங்களுக்குள் பூட்டியது, 2014 திருத்தம் வரை பூட்டு தளரவில்லை. இந்தியாவின் தேவையில் 4 சதவீதமே நிறைவேறுகிறது என்று 2017-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. இப்படிப்பட்ட நாட்டில் மார்ஃபின் புற்றை வளர்க்கும் என்று உறுதியில்லாமல் பேசுவது வலியில் துடிப்பவரின் வாயை அடைப்பதற்குச் சமம்.

உயிர்தானே முதல், வலி பிறகுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே வரவில்லை என்பதைத்தான் 2019-இன் ஆய்வு காட்டியது. உயிர் காக்கும் என்று சொன்னால்தான் நிர்வாகம் கருவியும் ஆளும் தரும் என்பது அதைவிட நேர்மையான வாதம். ஆனால் இரவல் நியாயம் சரியும்போது அதன்மேல் நிறுத்தியதும் சரியும். நோய் திரும்புவதில் வேறுபாடில்லை என்ற ஒரே வரியைக் காட்டி நரம்புத் தடுப்பே வேண்டாம் என்று எந்த நிர்வாகியும் நாளை சொல்லலாம். அறுவைக்குப் பின் ஒரு பெண் நன்றாக மூச்சிழுக்கவும் தூங்கவும் கையைத் தூக்கவும் முடிய வேண்டும் என்பது தன்னளவில் போதுமான காரணம். அதற்கு வேறு சிபாரிசு எதற்கு?

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பெண் மார்பக அறுவைக்குப் போனால், 1973-இல் தொடங்கிய கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போவார். கடைசி நாட்களின் வலிக்கு 1999 முதல் கருணாஷ்ரயா என்ற காப்பகம் இருக்கிறது. இடைப்பட்ட காலத்துக்கு யார் இருக்கிறார்கள்? அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அடிபடும் நரம்பு, மாதக்கணக்கில் மேல்கையின் உட்புறத்தை எரிய வைக்கும். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து அதை வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அடுத்த ஆய்வைத் திட்டமிடுகிறவர்கள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதோடு எத்தனை பேர் வலியில்லாமல் பிழைத்தார்கள் என்பதையும் முதன்மைக் கேள்வியாக வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடக்கவிருந்தால், முதல் நாள் இரவு வலிக்கு என்ன கொடுப்பீர்கள், மூன்று மாதம் கழித்தும் வலித்தால் யாரிடம் வர வேண்டும் என்ற இரண்டையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.