நத்தைச் சமையல்: கழுவினால் போதுமா?

தமிழகத்தின் நெல் வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் நத்தையைக் குழம்பு வைத்து உண்பது நெடுநாளைய வழக்கம். அதற்கான சமையல் குறிப்பு வாய்வழியாகவும் அச்சிலும் உலவுகிறது. இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேகவைத்து, சதையை எடுத்து, மசாலாவில் வதக்க வேண்டும். வாசகர்களே, பழனி மலை மீதுள்ள கொடைக்கானலில் ஒருவர் இக்குறிப்பின்படி சமைப்பதாக வைத்துக்கொண்டு, இதன் நிறைகுறைகளை ஆராய்வோம்.

தண்ணீரில் போட்டு வைப்பது சரியே. நத்தையின் குடலிலுள்ள சேறும் கழிவும் வெளியேறும். ஆனால் தண்ணீரை அடிக்கடி மாற்றவேண்டும் என்பதையும், செத்த நத்தையைப் பொறுக்கி எறியவேண்டும் என்பதையும் குறிப்பு சொல்வதில்லை. செத்த நத்தை விரைவில் அழுகிவிடும். தொட்டால் உள்ளே ஒடுங்காததும், நாறுவதும் குப்பைக்கே உரியவை.

உப்பும் மஞ்சளும் வழவழப்பைப் போக்கும், கவிச்சியைக் குறைக்கும். அதனால் நத்தை தூய்மையாகிவிட்டது என்று கருதுவதுதான் பெரும் பிழை. எலியின் நுரையீரல் இரத்தக் குழாயில் வாழும் ஒருவகைப் புழு உண்டு. 1935-இல் சீனாவின் கான்டன் நகர எலிகளில் இது கண்டறியப்பட்டது. எலியின் கழிவு வழியே இதன் இளம்புழுக்கள் நத்தையை அடைந்து, அதன் சதைக்குள் தங்குகின்றன. வேகாத நத்தையை மனிதன் உண்டால் அவை மூளையை அடைந்து மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்குகின்றன. 2006-இல் பெய்ஜிங் நகரில் சரியாக வேகாத நத்தையை உணவகத்தில் உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். சதைக்குள் இருக்கும் புழுவை மேலே தேய்க்கும் உப்பு என்ன செய்யும்?

அதைக் கொல்வது வெப்பமே. சதையின் நடுப்பகுதி 74 டிகிரி சென்டிகிரேடை எட்ட வேண்டும். கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம் வேகவைத்தால் போதும் என்பது மருத்துவர் கூற்று. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். புழுவைக் கொல்ல இச்சூடு போதும். சதை மென்மையாகத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே பிரஷர் குக்கர் சிறந்தது. திறந்த பாத்திரமானால், நத்தையைப் போட்டதும் அடங்கும் கொதி மீண்டும் எழுந்த பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். நத்தையைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம்.

குறிப்பின் மிகப் பெரிய குறை, நத்தை எங்கிருந்து வந்தது என்று அது கேட்காததே. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து நத்தையின் உடலில் மருந்தும் சேர்ந்திருக்கும். கொடைக்கானலில் 1980-களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரச மாசு வெளிப்பட்டதால் 2001-இல் மூடப்பட்டது. ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றில் பாதரசம் கலந்திருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. நத்தையோ வண்டலில் ஊர்ந்து மேயும் பிராணி. அதன் உடலில் சேரும் பாதரசத்தை நீரும் நீக்காது, நெருப்பும் நீக்காது.

எந்த நத்தை என்பதும் முக்கியம். வயல் நத்தையின் வாயில் கெட்டியான மூடி உண்டு. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, பின்னர் நாடெங்கும் பரவிய ஆப்பிரிக்க இராட்சத நத்தைக்கு அம்மூடி இல்லை. எலிப் புழுவைச் சுமப்பதில் அது பேர்போனது. காட்டு நத்தைகளோ பல இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. கொடைக்கானல் காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். அவற்றைத் தொடாதிருப்பதே முறை.

நத்தை மூலநோயைத் தீர்க்கும் என்ற பேச்சும் உண்டு. நத்தையில் நல்ல புரதம் உள்ளது, அதற்காக உண்ணலாம். மருந்தென்று எண்ணி அரைவேக்காட்டில் உண்பது புதிய நோயை விலைக்கு வாங்குவதாகும்.

ஆக, இக்குறிப்பு சுவைக்கு வழிகாட்டி, பாதுகாப்புக்கு அரைகுறை. இடம் அறிந்து எடுத்தல், உயிருள்ளதைத் தெரிதல், கொதிக்கக் கொதிக்க வேகவைத்தல் என்ற மூன்றையும் அதன் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். கழுவுவது அதற்கடுத்தே. எடுத்த இடம் தெரியாத நத்தையை அடுப்பில் ஏற்றாதீர்கள்.