பழஞ்சொல்லும் போலிப் பழமையும்

ஆங்கிலத்தில் ஒரு பொருள் குறித்த சொற்கள் பல உள. அவற்றுள் எதனை எடுப்பது என்னும் வினாவிற்கு ஆசிரியர் பலர் காட்டும் விடை, 1906-இல் ஃபௌலர் உடன்பிறப்பினர் 'கிங்ஸ் இங்கிலீஷ்' என்னும் நூலில் வகுத்த நெறிகளை ஒட்டியதே. பலரறி சொல், பருப்பொருட் சொல், சுற்றி வளையாத ஒற்றைச் சொல், குறுஞ்சொல், இலத்தீன் வழிச் சொல்லினும் சாக்சன் சொல் எனத் தேர்க என்பன அவை. 'கமென்ஸ்' வேண்டா, 'பிகின்' எழுதுக என மாணவர்க்கு நாம் கூறுவதும் இதுபற்றியே.

ஆயின், இவற்றுள் இறுதி இரண்டை மட்டும் பற்றிக்கொள்வோர் இடர்ப்படுவர். 'முன்னர்' எனப் பொருள்படும் 'எயர்' என்னும் சொல்லை நோக்குக. 'பிஃபோர்' என்பதினும் அது குறுகியது, தூய சாக்சன் சொல், ஷேக்ஸ்பியர் ஆண்டது. எனினும் இன்று ஒரு மாணவன் தன் கட்டுரையில் அதனை எழுதின் நகைப்பிற்கே இடமாகும்.

மாணவன் மட்டுமல்லன், பெருங்கவிஞரும் இங்கே வழுக்கியதுண்டு. வில்லியம் மாரிஸ் 1887-இல் ஒடிசியை மொழிபெயர்த்தபோது சாக்சன் பழஞ்சொற்களைப் பெரிதும் நாடினார். மறு ஆண்டே ஆர்ச்சிபால்ட் பாலன்டைன் என்பார் 'லாங்மன்ஸ்' இதழில் அந்நடையை 'வார்டர் தெரு ஆங்கிலம்' என இகழ்ந்தார். வார்டர் தெரு, பழம்பொருள்களோடு பழமை தோன்றச் செய்த புது மரச்சாமான்களும் விற்பனையான இலண்டன் தெரு. இகழ்ச்சி கடிது, ஆயினும் பொருந்துவதே என்பேன். நாற்காலி பழையதாயிருத்தல் குற்றமன்று. புதிய நாற்காலியில் புழு அரித்தாற்போல் துளையிடுதலே குற்றம். ஃபௌலர்களோ, சாக்சன் நெறி வரிசையில் இறுதியது மட்டுமன்று, மதிப்பிலும் சிறியது என்று அன்றே குறித்திருந்தனர். முதலிடம் பலரறி சொல்லுக்கே.

பழஞ்சொல் முற்றும் விலக்கத்தக்கதோ எனின், அன்று. 1952-இல் நிறைவுற்ற திருத்திய ஆங்கில விவிலியம் 'தௌ' என்னும் முன்னிலைச் சொல்லைப் பிற இடங்களில் நீக்கியும், இறைவனை விளிக்குமிடத்து வைத்துக்கொண்டது. வழிபடுவோர் நாவில் அது வாழ்ந்தது. 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் நீக்கிற்று.

தமிழில் செய்யுட்சொல்லைக் கண்டு மகிழும் நம் பழக்கம், ஆங்கிலக் கட்டுரை திருத்தும்போதும் உடன் வருகிறது. அருஞ்சொல்லின் அருகே 'நன்று' என எழுதிவிடுகிறோம். ரோஜே 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியமும் அதன் வழிவந்தனவும் சொற்களைப் பொருளால் தொகுப்பன. அவற்றில் சொல்லெடுக்கும் மாணவனை, 'இதனை நாளிதழில் கண்டதுண்டா?' என வினவல் வேண்டும். 'எனினும்' என்னும் பொருளுடைய இரு பழஞ்சொற்களுள் 'ஆல்பீயிட்' இவ்வினாவில் தேறும், 'ஹௌபீயிட்' தேறாது.