முடிச்சுக்குள் ஒரு டிராகன்

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள 'கெல்ஸ் நூல்', கி.பி. 800 வாக்கில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட நற்செய்தி ஏடு. அதன் பக்கங்களில் விலங்குகளும் பறவைகளும் உடல் நீண்டு, இழையாகி, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடக்கின்றன. அதனால்தான் இத்தகைய பின்னலான கெல்டிக் முடிச்சில் சீன டிராகனைப் பின்னும் பென்சில் ஓவியங்கள் ஒட்டுப்போட்டவையாகத் தெரிவதில்லை. பாம்புடல் கொண்ட பிராணி அல்லவா, முடிச்சுக்கென்றே பிறந்தது!

இழை ஒரு சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே போகவேண்டும். ஓரிடம் தவறினால் பின்னலே குலையும். (சிக்குக் கோலம் போடும் கைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.)

பென்சிலின் சாமர்த்தியம் அந்தச் சந்திப்புகளில்தான். மேலே செல்லும் இழையின் முதுகில் தாளின் வெண்மையை விட்டுவைத்து, அடியில் நுழையும் இழையை விளிம்பருகே 4பி பென்சிலால் கருக்குகிறார்கள். தட்டைத்தாள் சட்டென்று புடைத்தெழுகிறது. செதில்களுக்குக் கூராகச் சீவிய எச்பி. அவை வளைவின் உட்பக்கம் நெருங்கி, வெளிப்பக்கம் விரியவேண்டும். இல்லையேல் டிராகன் வெறும் குழாய்தான்.

நடுவில் யின்-யாங் வட்டத்தை வைத்து, சுற்றிலும் முடிச்சை ஓரம் கட்டிவிடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் ருசியில்லை. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன, அவ்வளவே. டிராகனின் நகங்களுக்கும் கணக்கு உண்டு: சீன அரச டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம், ஜப்பானிய டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்று. தேர்ந்த ஓவியர் அதையும் எண்ணிப் பார்த்தே வரைவார்.